தொட்டிலிலிருந்து கட்டிலுக்கு

  

இவ்வாரம் நாம் சிந்திக்கவிருக்கும் பொருள் மிகச் சிறியதாகத் தோன்றலாம். தொட்டிலில் உறங்கிய குழந்தை எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டது. தொட்டில் கட்டிய அறையை அக்குழந்தை படுத்து, எழுந்து, விளையாடி வளரும் அறையாக மாற்ற வேண்டும். இதைப் பற்றியெல்லாம் மிம்பரில் பேச வேண்டுமா என்று சிலர் வினவக்கூடும். உங்கள் நபி கழிப்பறை ஒழுக்கத்தைக் கூடவா கற்றுத்தருகிறார் என்று ஸல்மான் (ரலி) அவர்களிடம் ஒருவர் வியந்து கேட்டபோது, ஆம் என்று அவர்கள் பெருமிதத்துடன் பதிலளித்து, அந்த ஒழுக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார்கள் (முஸ்லிம்). கழிப்பறைக்கு ஒழுக்கம் வகுத்த மார்க்கம் படுக்கையறைக்கு வகுக்காமல் விடுமா? குழந்தை எப்போது பால்குடி மறக்க வேண்டும், எப்போது படுக்கை பிரிக்கப்பட வேண்டும், எந்தெந்த நேரங்களில் பெற்றோரின் அறைக்குள் அனுமதி பெற்று நுழைய வேண்டும் என்பன யாவும் நமக்குக் கற்பிக்கப்பட்டுள்ளன. அவற்றைச் சற்றே விரிவாகக் காண்போம்.

எப்போது மாற்றுவது?

திருமறையின் இரண்டாம் அத்தியாயத்தில் பால்குடி பற்றிய வசனம் ஒன்று உள்ளது (2:233). முழுமையாகப் பாலூட்ட விரும்புவோருக்கு இரண்டு ஆண்டுகள் என்று அது காலம் குறிக்கிறது. அதற்கு முன்னரே பாலை நிறுத்த எண்ணினால், தாயும் தந்தையும் கலந்து ஆலோசித்து, இருவரும் மனமொத்து முடிவெடுத்தால் குற்றமில்லை என்றும் கூறுகிறது. இங்கே சற்று நின்று சிந்தியுங்கள். பேசவும் அறியாத ஒரு சிசுவின் உணவில் செய்யும் மாற்றத்துக்கே இருவரின் ஆலோசனையும் இருவரின் இசைவும் வேண்டும் என்கிறான் இறைவன். அக்குழந்தையின் உறக்கத்தை இடம் மாற்றும்போது மட்டும் தந்தை தனியாகவோ, தாய் தனியாகவோ முடிவெடுப்பது முறையாகுமா?

நம் இல்லங்களில் இவ்விஷயத்தில் அடிக்கடி பிணக்கு எழுகிறது. பிள்ளையை ஆறு மாதத்திலேயே தனி அறையில் விட்டுவிட வேண்டும் என்பார் ஒருவர். பள்ளிக்கூடம் போகும் வரை உம்மாவின் மடியை விட்டுப் பிரிக்கக் கூடாது என்பார் வீட்டிலுள்ள முதியவர். மார்க்கம் இவ்விரண்டில் எதையும் கட்டாயமாக்கவில்லை. ஏழு வயதில் தொழுகையை ஏவுமாறும், பத்து வயதில் பிள்ளைகளின் படுக்கைகளைப் பிரித்துவிடுமாறும் நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள் (அபூதாவூத்). எனவே பத்து வயது என்பது கடக்கக் கூடாத எல்லை. அதற்கு முந்திய ஆண்டுகள் குழந்தையைப் படிப்படியாகப் பழக்குவதற்குரிய கால அவகாசம். இரண்டு வயதில் தனிக் கட்டில், ஆனால் பெற்றோரின் அறையிலேயே. பின்னர் தனி அறை, ஆனால் கதவு திறந்தபடியே என்று படிகளாக வகுத்துக்கொள்வதில் தடை ஏதுமில்லை.

குழந்தையின் உடலே நமக்கு ஓர் அறிவிப்பைத் தருகிறது. கம்பித் தடுப்புள்ள மரத் தொட்டிலில் உறங்கும் குழந்தை 35 அங்குலம், அதாவது ஏறத்தாழ 89 செ.மீ. உயரத்தை எட்டிவிட்டாலோ, தடுப்பின் மீது கால் போட்டு ஏற முயன்றாலோ அத்தொட்டிலின் காலம் முடிந்துவிட்டது என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் அறிவுறுத்துகிறது. அதன் பிறகும் அதிலேயே கிடத்தினால், பாதுகாப்புக்கென வைத்த தடுப்பே தலைகீழாக விழும் உயரமாகிவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பெரும்பாலான வீடுகளில் மூத்த குழந்தை தொட்டிலை விட்டு இறக்கப்படுவது அடுத்த குழந்தை பிறக்கவிருக்கும் வேளையில்தான். இரண்டு வயதுக் குழந்தைக்கு இதன் பொருள் என்ன? யாரோ ஒருவர் வந்தார், என் இடம் பறிபோயிற்று என்பதே. எனவே பிரசவத்துக்குச் சில மாதங்களுக்கு முன்பே மாற்றிவிடுங்கள். முடியவில்லையெனில், புதிய குழந்தை பிறந்து வீடு அமைதியடைந்த பின்னர் மாற்றுங்கள். பிரசவ வாரத்தில் செய்யாதீர்கள்.

அறை ஓர் அமானிதம்

நம்மில் ஒவ்வொருவரும் பொறுப்பாளர். தம் பொறுப்பில் உள்ளோரைப் பற்றி ஒவ்வொருவரும் விசாரிக்கப்படுவார் என்பது நாம் அடிக்கடி செவியுறும் நபிமொழி. குழந்தையின் அறை அப்பொறுப்பின் முதல் களம். தொட்டிலில் இருந்தவரை குழந்தை நாம் வைத்த இடத்தில் இருந்தது. கட்டிலுக்கு வந்துவிட்டால், நள்ளிரவிலும் தானே இறங்கி எங்கும் செல்லும். ஆகவே அன்றிலிருந்து அந்த அறை முழுவதுமே தொட்டிலாகிவிடுகிறது. தொட்டிலை எவ்வளவு கவனமாகச் சோதித்தோமோ அவ்வளவு கவனமாக அறையைச் சோதிக்க வேண்டும்.

தடுப்புச் சுவரில்லாத மொட்டை மாடியில் உறங்குபவருக்குரிய பாதுகாப்புப் பொறுப்பு நீங்கிவிட்டது என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததாக அபூதாவூதில் காண்கிறோம். உறங்குபவர் தன்னறிவு இன்றிப் புரளக் கூடும், எழுந்து நடக்கக் கூடும் என்பதே இதன் கருத்து. அறிவு முதிர்ந்த பெரியவருக்கே இந்த எச்சரிக்கை என்றால், இரண்டு வயதுக் குழந்தையின் கட்டிலை ஜன்னலை ஒட்டிப் போடலாமா? கட்டிலில் ஏறி, அங்கிருந்து ஜன்னல் திண்ணையில் ஏறுவது குழந்தைக்கு ஒரு நிமிட வேலை. ஜன்னல் கம்பிகள் குறுக்காக அமைந்திருந்தால் அவையே ஏணியாகும். கட்டிலை உட்சுவரை ஒட்டிப் போடுங்கள். சுவருக்கும் மெத்தைக்கும் இடையே தலை நுழையும் அளவுக்கு இடைவெளி விடாதீர்கள். அடுக்குக் கட்டில் இடவசதிக்கு உகந்ததுதான். ஆனால் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையை மேல்தட்டில் படுக்க வைக்கலாகாது. மின்விசிறி அருகில் சுழலும் நம் வீடுகளில் இது இரட்டை எச்சரிக்கை.

துணி அலமாரியையும் இழுப்பறைப் பெட்டியையும் சுவரோடு சேர்த்து இரும்புக் கோணத்தால் திருகிப் பொருத்துங்கள். குழந்தை இழுப்பறைகளைத் திறந்து படிக்கட்டாக்கி ஏறும். திறந்த இழுப்பறைகளின் பாரமும் குழந்தையின் பாரமும் முன்புறம் சேர்ந்ததும் பெட்டி அப்படியே கவிழ்ந்துவிடும். இது கற்பனை அச்சமன்று. குழந்தைகள் சிலர் இவ்வாறு உயிரிழந்ததன் பின்னர், 2016ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஐக்கியா நிறுவனம் அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 2 கோடியே 90 இலட்சம் இழுப்பறைப் பெட்டிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. 2022 டிசம்பரில் அந்நாட்டில் இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. நம் ஊர்த் தச்சரிடம் இரண்டு கோணங்களும் நான்கு திருகாணிகளும் கேட்டால் அரை மணி நேரத்தில் முடியும் வேலை இது.

நம் வீடுகளுக்கே உரிய ஓர் ஆபத்தும் உண்டு. அது உத்தரத்தில் தொங்கும் சேலைத் தொட்டில். கைக்குழந்தை தாயின் கண்முன்னே அதில் உறங்கியது வேறு. குழந்தை கட்டிலுக்கு மாறிய பின்னும் அச்சேலையைக் கழற்றாமல், ஊஞ்சலாக விளையாடட்டும் என்று விட்டுவிடுகிறோம். விளையாடும் பிள்ளையின் கழுத்தில் சேலை முறுக்கிக்கொண்டு உயிர் பிரிந்த செய்திகளை நாளேடுகளில் படித்து, இன்னா லில்லாஹி சொல்லி அடுத்த பக்கத்தைப் புரட்டியிருக்கிறோம். குழந்தை கட்டிலில் படுக்கத் தொடங்கும் அன்றே சேலையைக் கழற்றிவிடுங்கள். திரைச்சீலைக் கயிறு, மின்கம்பி, கொசுவலைக் கயிறு ஆகியவையும் கைக்கெட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

நெருப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மதீனாவில் ஒரு வீடு இரவில் அதிலிருந்தோருடன் எரிந்துபோனபோது, நெருப்பு உங்கள் பகைவன்; உறங்கும்போது அதை அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். எலியொன்று திரியை இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக் கூடும் என்று காரணமும் விளக்கினார்கள் (புகாரி). சிறு எலி செய்யும் வேலையைச் சிறு குழந்தையின் கை செய்யாதா? குழந்தையின் அறையில் எரியும் கொசுவர்த்திச் சுருள் வேண்டாம். மின்சாரத்தில் பொருத்தும் கொசுவிரட்டித் திரவப் புட்டியும் குழந்தையின் வாய்க்கு எட்டும் நஞ்சே. கொசுவலை இவ்விரண்டையும்விட மேலானது. தாழ்வான மின்செருகு துளைகளை மூடி வையுங்கள். பொம்மைகளிலும் ரிமோட்டுகளிலும் உள்ள பொத்தான் வடிவ மின்கலத்தைக் குழந்தை விழுங்கிவிட்டால் சில மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும். அதன் மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கிறதா எனப் பாருங்கள். அறையோடு சேர்ந்த குளியலறை இருப்பின், வாளியில் நீர் நிரப்பி வைக்காதீர்கள். கதவையும் மூடி வையுங்கள். மிகக் குறைந்த ஆழமுள்ள நீரிலும் தலைகுப்புற விழுந்த குழந்தையால் எழ இயலாது.

தவக்குல் என்பது ஒட்டகத்தைக் கட்டாமல் விடுவதன்று என்பதை நாம் அறிவோம். அலமாரியைத் திருகாணியால் இறுக்குவதும் அப்படித்தான்.

செலவு எவ்வளவு?

நபி (ஸல்) அவர்களின் படுக்கை, பேரீச்ச நார் திணிக்கப்பட்ட தோலாக இருந்தது. ஆணுக்கு ஒரு படுக்கை, மனைவிக்கு ஒன்று, விருந்தினருக்கு ஒன்று. நான்காவது ஷைத்தானுக்குரியது என்ற கருத்தில் முஸ்லிமில் ஒரு நபிமொழி உள்ளது. தேவைக்கு மேற்பட்டுப் பெருமைக்காகச் சேர்ப்பதையே அது கண்டிக்கிறது. பிள்ளையின் படுக்கை தேவையானது. ஆனால் கார் வடிவக் கட்டில், அரண்மனை வடிவக் கட்டில், சுவர் முழுதும் சித்திரம் என்று மூன்று ஆண்டுகளில் குழந்தை சலித்துவிடும் பொருள்களுக்காகக் கடன் வாங்குவது எவ்வகையில் தேவை? வெளிநாட்டில் வெயிலில் உழைத்து அனுப்பும் பணம், உறவினர் வந்து பார்த்து மெச்சுவதற்காகச் செலவாகிறது. அந்த அறையில் குழந்தையோ உறங்குவதே இல்லை. பாட்டியாரின் பக்கத்தில் பாயில்தான் உறங்குகிறது!

பாயை எளிதாக எண்ணிவிடாதீர்கள். திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் நம் சமுதாயத்தவர் தலைமுறை தலைமுறையாக நெய்துவரும் கோரைப்பாய் உலகறிந்தது. அப்படியொரு பாயை விரித்து அதன் மீது உறுதியான ஒரு மெல்லிய மெத்தையை இட்டால், தொட்டிலை விட்டிறங்கும் குழந்தைக்கு அதைவிடப் பாதுகாப்பான படுக்கை இல்லை. அதிலிருந்து விழுவதற்கு உயரமே இல்லை. பூச்சி ஏதும் அண்டாதவாறு படுக்கும் முன் நன்கு உதறிவிட வேண்டும். படுக்கையை உதறிவிட்டுப் படுப்பதும் நபிவழியே (புகாரி).

சுவருக்கு வண்ணம் பூசுவதாயின், அழகைக் காட்டிலும் அதன் கலவையைப் பாருங்கள். வண்ணப்பூச்சில் உள்ள ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. இந்தியாவில் வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயத்தின் அளவு பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மிகக் கூடாது என்ற விதி 2016இல் வகுக்கப்பட்டு, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. எனவே அதற்கு முன்னர் பூசிய பழைய வண்ணம் உரிந்துகொண்டிருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். அதை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பாமல், ஈரப்படுத்திச் சுரண்டி, குழந்தையையும் கருவுற்ற தாயையும் அன்று வேறிடத்தில் தங்க வையுங்கள். புதிதாக வாங்கும் டப்பாவில் ஈயம் பற்றிய குறிப்பு உள்ளதா என வாசியுங்கள்.

மழலை மனத்தின் உரிமை

அறை மாறுவது பெற்றோருக்கு ஒரு நாள் வேலை. குழந்தைக்கு அது ஓர் ஊரை விட்டு ஓர் ஊர் செல்வதைப் போன்றது. எனவே குழந்தையை அதில் பங்குகொள்ளச் செய்யுங்கள். விரிப்பின் நிறத்தை அது தேர்ந்தெடுக்கட்டும். பழைய தலையணையும் பழகிய பொம்மையும் புதிய கட்டிலுக்குக் கூடவே வரட்டும். அனஸ் (ரலி) அவர்களின் இளைய சகோதரர் அபூஉமைர் வளர்த்த சிறு பறவையைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் அன்போடு விசாரித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. ஒரு சமுதாயத்தின் பாரத்தைச் சுமந்த அப்பெருமகனாருக்குக் குழந்தையின் பறவை அற்பமாகத் தோன்றவில்லை. உங்கள் குழந்தையின் கிழிந்த பொம்மை மட்டும் உங்களுக்கு எப்படி அற்பமாயிற்று?

உறங்க வைப்பதற்காகப் பொய் சொல்லாதீர்கள். ஒரு தாய் தம் மகனை, வா, உனக்கு ஒன்று தருகிறேன் என்று அழைத்தபோது, எதைத் தர எண்ணினீர் என்று நபி (ஸல்) அவர்கள் வினவினார்கள். பேரீச்சம் பழம் என்றார் அத்தாய். ஒன்றும் கொடாதிருந்தால் அது ஒரு பொய்யாக உம்மீது எழுதப்பட்டிருக்கும் என்று எச்சரித்தார்கள் (அபூதாவூத்). நாமோ, தூங்கு, காலையில் கடைக்கு அழைத்துப் போகிறேன் என்கிறோம், அழைத்துப் போவதில்லை. பக்கத்திலேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, கண் மூடியதும் நழுவிவிடுகிறோம். விழித்துப் பார்த்த குழந்தை மறுநாள் முதல் கண்ணை மூடவே அஞ்சுகிறது. நீ தூங்கிய பின் நான் அடுத்த அறைக்குப் போவேன். கூப்பிட்டால் வருவேன் என்று உண்மையையே சொல்லுங்கள். கூப்பிட்டால் வாருங்கள்.

பூச்சாண்டி வருவான், ஜின் பிடித்துக்கொள்ளும் என்று அச்சுறுத்துவதும் தகாது. இருட்டையும் தனிமையையும் முதன்முதலாகச் சந்திக்கும் பிஞ்சு உள்ளத்தில், அவ்விருட்டுக்குள் நாமே ஒரு பகைவனை அமர்த்திவிடுகிறோம். பிறகு, தனியாகப் படுக்க மறுக்கிறானே என்று அவனையே கடிந்துகொள்கிறோம்!

பிள்ளைகளிடையே நீதி என்பதும் இங்கே நினைவுகூரத்தக்கது. நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களுக்கு மட்டும் அவர்களுடைய தந்தை அன்பளிப்பு வழங்கியபோது, எல்லாப் பிள்ளைகளுக்கும் இவ்வாறே கொடுத்தீரா என்று வினவி, அதற்குச் சாட்சியாக இருக்க மறுத்தார்கள் நபி (ஸல்) அவர்கள் (புகாரி, முஸ்லிம்). மகனுக்குக் கட்டிலும் மேசையும் விளக்கும் கொண்ட அறை; மகளுக்கு, இன்னொரு வீட்டுக்குப் போகிறவள்தானே என்று கூடத்தின் மூலை. இது எந்த நீதி? மகள் நம் வீட்டில் இருக்கும் ஆண்டுகளும் அவளுடைய வாழ்நாளே. வசதி ஒன்றே என்றால் முறை வைத்துக் கொடுங்கள். ஒருவரை மட்டும் விலக்கி வைக்காதீர்கள்.

இரவின் ஒழுங்கு

உறக்கத்தை இளைப்பாறுதலாக ஆக்கினோம் என்ற பொருளில் இறைவன் அதைத் தன் அருட்கொடைகளுள் ஒன்றாக எண்ணிக் காட்டுகிறான் (78:9). அக்கொடையின் அளவு குழந்தைக்கு அதிகம். ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைக்கு, பகல் உறக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேரமும், மூன்று, நான்கு வயதினருக்கு 10 முதல் 13 மணி நேரமும் உறக்கம் வேண்டும் என உலக சுகாதார அமைப்பு 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை பார்த்தலே பரிந்துரைக்கப்படவில்லை. இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றும் அது வரையறுக்கிறது. ஆகவே குழந்தையின் அறையில் தொலைக்காட்சி வேண்டாம். கைப்பேசியைக் கையில் கொடுத்துப் படுக்க வைக்கும் பழக்கமும் வேண்டாம்.

அதற்குப் பதிலாக நம்மிடம் மேலான ஒன்று இருக்கிறது. இரவு தொடங்கும்போது பிள்ளைகளை வீட்டினுள் அழைத்துக்கொள்ளவும், இறைநாமம் கூறிக் கதவை அடைக்கவும் நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். இப்ராஹீம் (அலை) அவர்கள் தம் மக்களுக்காக இறைஞ்சியதைப் போலவே ஹஸன், ஹுஸைன் (ரலி) ஆகிய பேரர்களுக்காக இறைவனிடம் பாதுகாவல் தேடினார்கள். இரவில் தம் உள்ளங்கைகளில் மூன்று சிறிய அத்தியாயங்களை ஓதி ஊதி மேனியில் தடவிக்கொண்டார்கள் (புகாரி). மஃரிப் தொழுகை, உணவு, பல் துலக்குதல், ஒளூச் செய்து பழகுதல், ஒரு நபியின் கதை, இவ்வோதல்கள், பின்னர் விளக்கணைத்தல் என்று நாள்தோறும் ஒரே வரிசையாக அமைத்துவிட்டால், இரண்டு வாரங்களில் அந்த வரிசையே குழந்தைக்குத் தாலாட்டாகிவிடும். வெளிநாட்டிலிருக்கும் வாப்பாமார்களே! கதையும் ஓதலும் தொலைபேசி வழியே உங்கள் குரலில் அமையட்டும். கட்டிலுக்குப் பணம் அனுப்பியதோடு உங்கள் கடமை தீர்ந்துவிடவில்லை.

முதல் சில இரவுகளில் குழந்தை எழுந்து அழும். உங்கள் அறைக்கு ஓடிவரும். அதட்டாதீர்கள். தொழுகையில் நின்றிருந்தபோது குழந்தையின் அழுகுரல் கேட்டு, தாயின் மனம் தவிக்குமே என்று தொழுகையையே சுருக்கிக்கொண்டவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள் (புகாரி). இறைவனோடு உரையாடும் நேரத்தையே அந்த அழுகைக்காகக் குறைத்தார்கள் என்றால், நம் உறக்கத்தில் கால் மணி நேரம் குறைந்தால் என்ன? கையைப் பிடித்து அழைத்துச் சென்று, அதன் கட்டிலிலேயே கிடத்தி, சற்று அமர்ந்து தட்டிக்கொடுத்துத் திரும்புங்கள். ஒவ்வொரு முறையும் இதையே செய்யுங்கள். சிறுவராக இருந்த இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் தம் சிறிய தாயார் மைமூனா (ரலி) இல்லத்தில் தங்கிய இரவில், பிள்ளை உறங்கிவிட்டானா என்று நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள் (புகாரி). உறங்கச் செல்லும் முன் பிள்ளையை ஒருமுறை எட்டிப் பார்த்து விசாரிப்பது எவ்வளவு எளிய சுன்னத்!

கதவும் அனுமதியும்

குழந்தைக்கென ஓரிடம் அமைந்தவுடன் கற்பிக்க வேண்டிய முதல் பாடம் அனுமதி கேட்டல். ஃபஜ்ருத் தொழுகைக்கு முன், நண்பகலில் ஆடை களைந்து இளைப்பாறும் வேளை, இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று நேரங்களில் பருவமடையாத பிள்ளைகளும் அனுமதி பெற்றே பெற்றோரிடம் வர வேண்டும் என்றும், பருவமடைந்துவிட்டால் எல்லா நேரங்களிலும் அனுமதி கேட்க வேண்டும் என்றும் அந்நூர் அத்தியாயம் கட்டளையிடுகிறது (24:58, 59). மழலையிலேயே கதவைத் தட்டப் பழகிய பிள்ளைக்குப் பின்னர் இது பாரமாக இராது.

நாமும் அப்பிள்ளையின் அறைக் கதவைத் தட்டி நுழைந்தால், தன் உடலுக்கும் தன் இடத்துக்கும் ஒரு மரியாதை உண்டு என்று அது கற்றுக்கொள்ளும். தன்னைத் தகாத முறையில் எவர் நெருங்கினாலும், அவர் நெருங்கிய உறவினரே ஆயினும், வேண்டாம் என்று மறுக்கவும் உம்மாவிடம் ஓடிவந்து சொல்லவும் அந்த மரியாதையே துணிவு தரும். பத்து வயதில் படுக்கையைப் பிரிக்கச் சொன்ன ஆணையின் ஞானத்தை இன்றைய செய்திகளைப் படிப்போர் நன்கு உணர்வர். விருந்தினர் வந்தால் பிள்ளையை யாருடைய பக்கத்தில் படுக்க வைக்கிறோம் என்பதில் அலட்சியம் கூடாது.

ஒரே அறையில் குடும்பம் நடத்துவோர் என்ன செய்வது? இறைவன் எவரையும் அவருடைய சக்திக்கு மீறிச் சிரமப்படுத்துவதில்லை. தனித்தனிப் பாய், தனித்தனிப் போர்வை, நடுவே ஒரு திரை. கட்டளையின் நோக்கம் இதிலும் நிறைவேறும். குழந்தையின் பொம்மைக்கும் துணிக்கும் ஓர் அட்டைப்பெட்டி வைத்து, இது உன் இடம் என்று சொல்லிப் பாருங்கள். அதன் முகம் மலர்வதைக் காண்பீர்கள்.

மிஞ்சிய தொட்டில்

இறுதியாக, காலியான தொட்டிலை என்ன செய்யப் போகிறீர்கள்? பரணில் போட்டுப் பூட்டாதீர்கள். நம் தெருவிலேயே இன்று பிரசவித்த ஏழைத் தாய் ஒருத்தி இருப்பாள். ஆனால் கொடுக்கும் முன் திருகாணிகளை இறுக்குங்கள். உடைந்த கம்பியை மாற்றுங்கள். கண்ணை மூடிக்கொண்டாலன்றி நீங்களே ஏற்கமாட்டாத இழிந்த பொருளைத் தர்மம் செய்ய நாடாதீர்கள் என்பது திருமறையின் அறிவுரை (2:267). பக்கவாட்டுத் தடுப்பை மேலும் கீழும் இறக்கும் வகைத் தொட்டில்கள், தடுப்பு கழன்று குழந்தைகள் சிக்கி இறந்ததால், அமெரிக்காவில் 2011இல் விற்பனைக்கே தடை செய்யப்பட்டன. அத்தகைய தொட்டில் உங்களிடம் இருந்தால் பிறருக்குத் தராமல் கலைத்துவிடுங்கள். நம் குழந்தைக்கு ஆபத்தானது ஏழையின் குழந்தைக்கும் ஆபத்தானதே.

அன்பு வாசகர்களே! எனக்குப் பத்துப் பிள்ளைகள். ஒருவரையும் நான் முத்தமிட்டதில்லை என்று சொன்ன அக்ரஃ இப்னு ஹாபிஸ் அவர்களிடம், இரக்கம் காட்டாதவருக்கு இரக்கம் காட்டப்படாது என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை (புகாரி) நாம் அறிவோம். இன்றிரவு உங்கள் பிள்ளை உறங்கும் இடத்தை ஒருமுறை நின்று பாருங்கள். அலமாரி அசைகிறதா? ஜன்னல் எட்டுகிறதா? சேலைத் தொட்டில் இன்னும் தொங்குகிறதா? விரிப்பு சுத்தமாக இருக்கிறதா? பார்த்துவிட்டு, நாளை என்று தள்ளாமல் இயன்றதை இன்றே சீர் செய்யுங்கள். பின்னர் அந்த நெற்றியில் ஒரு முத்தமிட்டு, பாதுகாவலுக்காக இறைஞ்சி, விளக்கை அணையுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் மக்களை எங்கள் கண்களுக்குக் குளிர்ச்சியாக ஆக்குவாயாக! எங்கள் கண்ணுக்குத் தெரிந்த ஆபத்துகளைத் தடுக்கும் கவனத்தை எங்களுக்குத் தருவாயாக! எங்கள் கண்ணுக்குத் தெரியாதவற்றிலிருந்து நீயே அவர்களைக் காப்பாயாக! வீடற்ற, தாய்தந்தையற்ற குழந்தைகளுக்கு நிம்மதியான உறக்கத்தையும், அவர்களை அரவணைக்கும் மனத்தை எங்களுக்கும் அருள்வாயாக! ஆமீன்.